சிங்கப்பூரில் உளவியலாளர் ஆவது எப்படி: பட்டத்துக்குப் பிறகு போகவேண்டிய வழி

உளவியலில் இளநிலைப் பட்டம் இருந்தால் சிங்கப்பூரில் நிறைய வேலைகளுக்கு விண்ணப்பிக்கலாம். மனிதவளம், சந்தை ஆய்வு, சமூக சேவை, ஆசிரியப் பணி என்று கதவுகள் பல. ஆனால் ஒருவரை எதிரே உட்கார வைத்துப் பேசி, சோதித்து, ‘இவருக்கு இருப்பது இன்னது, செய்யவேண்டியது இன்னது’ என்று ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போடும் வேலை அந்தப் பட்டத்தோடு வந்துவிடாது. அதற்கு மாஸ்டர்ஸ் வேண்டும். அதுவும் வகுப்பில் உட்கார்ந்து முடிக்கிற மாஸ்டர்ஸ் போதாது. அனுபவமுள்ள உளவியலாளர் ஒருவரின் மேற்பார்வையில் நிஜ ஆட்களைப் பார்த்துப் பழகும் மணிநேரங்கள் அதற்குள் இருக்கவேண்டும்.

என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ‘எந்தக் கோர்ஸ் நல்லது?’ என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது: அந்தக் கோர்ஸில் உங்களை யார் மேற்பார்வை செய்வார், எங்கே, எத்தனை மணிநேரம்? இதற்குப் பதில் தெரிந்தால் மற்ற குழப்பங்களில் பாதி தானாகத் தீரும்.

காலக்கணக்கையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பட்டம் நான்கு ஆண்டு, நடுவில் ஓரிரு ஆண்டு வேலை, பிறகு மாஸ்டர்ஸ் இரண்டு ஆண்டு. பையன்களுக்கு தேசிய சேவை வேறு இருக்கிறது. முப்பதை நெருங்கும்போதுதான் தொழில் தொடங்கும். வீட்டில் கல்யாணப் பேச்சு எடுப்பவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

முதலில் கிளையைத் தேர்ந்தெடுங்கள்

எல்லா உளவியலாளர்களும் ஒரே வேலையைச் செய்வதில்லை. மருத்துவ உளவியலாளர்களைப் பெரும்பாலும் மருத்துவமனைகளில் பார்க்கலாம்: புவாங்கோக்கில் உள்ள மனநலக் கழகம், கேகே மகளிர், சிறார் மருத்துவமனை, டான் டோக் செங், சாங்கி பொது மருத்துவமனை போன்ற இடங்கள். மனச்சோர்வு, பதற்றம், மனச்சிதைவு, பக்கவாதத்துக்குப் பிறகு நினைவில் வரும் மாற்றம் எல்லாம் அவர்களிடம் வரும். கல்வி உளவியலாளர்கள் கல்வி அமைச்சிலும், சிறப்புத் தேவைப் பள்ளிகளிலும், சிங்கப்பூர் டிஸ்லெக்ஸியா சங்கம் போன்ற அமைப்புகளிலும் இருக்கிறார்கள். ஒரு பிள்ளைக்குப் படிப்பு ஏன் ஏறவில்லை, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் அவனுக்குக் கூடுதல் நேரம் தேவையா என்பது மாதிரிக் கேள்விகள் அவர்கள் மேசைக்குப் போகும். சிறைத்துறையிலும் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சிலும் இருப்பவர்கள் குற்றம், குடும்ப வன்முறை, சிறார் பாதுகாப்பு தொடர்பான வேலையைச் செய்கிறார்கள். நிறுவன உளவியல் தனி உலகம். ஆள் தேர்வு, தலைமைத்துவம் என்று அதன் பாதையே வேறு; இந்தக் கட்டுரை அதைத் தொடவில்லை.

பக்கத்துத் தொழில்கள் இரண்டையும் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மனநல மருத்துவர் என்றால் மருத்துவம் படித்து, அதற்கு மேல் சிறப்புப் பயிற்சி பெற்றவர். மருந்து எழுதும் உரிமை அவருக்கு உண்டு, உளவியலாளருக்கு இல்லை. ஆலோசகர் என்றால் பேச்சுவழி உதவி செய்பவர். அதற்கென்று சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஆலோசனைத் துறை மாஸ்டர்ஸ் இருக்கிறது. சிங்கப்பூர் ஆலோசனைச் சங்கம் தனிப் பதிவேடு வைத்திருக்கிறது.

இதில் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். மனிதர்களோடு உட்கார்ந்து பேசி, அவர்கள் பாரத்தை இறக்கி வைக்க உதவவேண்டும் என்பது மட்டுமே உங்கள் ஆசை என்றால் ஆலோசனைத் துறைக்குப் போங்கள். வழி குறுகியது, போட்டியும் குறைவு, வேலையும் நிறைவானது. உளவியலாளர் நேரத்தில் பெரும்பகுதியைச் சோதனை, புள்ளியியல், ரிப்போர்ட், மருத்துவர்களோடும் ஆசிரியர்களோடும் நடக்கும் கூட்டங்கள் தின்றுவிடும். அது பிடிக்காதவர் இரண்டு ஆண்டு மாஸ்டர்ஸை முடிப்பதே கஷ்டம்.

அடிப்படைப் பட்டம்

இங்குள்ள பயிற்சி மாஸ்டர்ஸ் படிப்புகள் பொதுவாக எதிர்பார்ப்பது உளவியலில் ஹானர்ஸ், அதாவது நான்காம் ஆண்டு ஆய்வேட்டோடு முடிக்கும் சிறப்புப் பட்டம், அதிலும் இரண்டாம் வகுப்பு மேல்நிலை அல்லது அதற்கு மேல். நான்காம் ஆண்டு ஆய்வேட்டை ‘முடித்தால் சரி’ என்று விட்டுவிடாதீர்கள். பரிந்துரைக் கடிதம் எழுதப்போவது அந்த ஆய்வை வழிநடத்திய பேராசிரியர்தான். ‘இவள் டேட்டாவில் பிசகு வந்தால் மறைக்கமாட்டாள், உடனே வந்து சொல்வாள்’ என்று அவர் எழுதும் ஒரு வரிக்கு உள்ள மதிப்பு, ‘நல்ல மாணவி’ என்று எழுதும் ஒரு பக்கத்துக்குக் கிடையாது.

வேறு பட்டம் படித்தவர்கள், உதாரணமாக கணக்கியல், பொறியியல், தாதிமை, முதலில் பாலம் கட்டவேண்டும். ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தின் சிங்கப்பூர் வளாகம் உளவியல் கிராஜுவேட் டிப்ளோமா நடத்துகிறது. அதை முடித்து, ஹானர்ஸுக்கு இணையான நான்காம் ஆண்டையும் முடித்த பிறகே பயிற்சி மாஸ்டர்ஸுக்குத் தகுதி வரும். டிப்ளோமாவோடு வேலை முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

தமிழ்நாட்டில் படித்துவிட்டு இங்கே வந்தவர்கள் இந்தப் பத்தியைக் கவனமாகப் படியுங்கள். மூன்று ஆண்டு பி.எஸ்சி., அதற்கு மேல் இரண்டு ஆண்டு எம்.எஸ்சி. உளவியல் முடித்திருப்பீர்கள். ஊரில் அது முதுகலைதான். ஆனால் அதில் மேற்பார்வையோடு கூடிய களப்பயிற்சி போதுமான அளவு இல்லையென்றால், இங்கே அது பெரும்பாலும் ஹானர்ஸுக்கு இணையா என்ற கேள்வியாகத்தான் பார்க்கப்படும். பல்கலைக்கழகம் உங்கள் பாடத்திட்டத்தைக் கேட்கும்: புள்ளியியல் எத்தனை தாள், ஆய்வு முறை உண்டா, ஆய்வேடு எழுதினீர்களா. மதிப்பெண் பட்டியல் மட்டும் பற்றாது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதே பல்கலைக்கழக அலுவலகத்தில் முத்திரையோடு பாடத்திட்ட நகல் வாங்கி வந்துவிடுங்கள். இங்கிருந்துகொண்டு மின்னஞ்சலில் கேட்டு வாங்குவது அலைச்சல்.

இந்திய மறுவாழ்வு மன்றம், அதாவது ஆர்சிஐ, அங்கீகரித்த எம்.ஃபில். மருத்துவ உளவியல் படித்தவர்கள் நிலை வேறு. அதில் இரண்டு ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் முடித்தவர்கள் தங்கள் பயிற்சிப் பதிவேடுகளைப் பத்திரமாக வைத்திருக்கவேண்டும். எதிர்த்திசையிலும் இதே கதைதான். இங்கே மாஸ்டர்ஸ் முடித்துவிட்டு ஊர் திரும்பி மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற நினைத்தால், இந்தச் சான்றிதழ் அங்கே தானாகச் செல்லுபடியாகாது.

டிபெண்டன்ட் பாஸில் கணவரோடு அல்லது மனைவியோடு வந்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம்: 2021 மே முதல், வேலை பார்க்கவேண்டுமானால் பொதுவாக உங்கள் பெயரிலேயே தனி வேலை அனுமதி வேண்டும். படிப்பை முடித்த பிறகு உங்களுக்கு அனுமதி எடுக்க எந்த நிறுவனம் முன்வரும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஆண்டுகள்

இதைத்தான் பலர் அவசரமாகத் தாண்டப் பார்க்கிறார்கள். ஹானர்ஸ் முடித்த மறுமாதமே விண்ணப்பித்து, கிடைக்காமல், மறுபடி அடுத்த ஆண்டும் அதே விண்ணப்பத்தை அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மதிப்பெண்ணில் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே வரிசையில்தான் நிற்பார்கள். வித்தியாசம் வருவது நடுவில் என்ன செய்தீர்கள் என்பதில்.

செய்வதற்கு இடங்கள் நிறைய. ரெயின்போ சென்டர், அவ்வா, மைண்ட்ஸ் போன்ற அமைப்புகளின் சிறப்புத் தேவைப் பள்ளிகளில் உதவி ஆசிரியர் வேலை. மருத்துவமனைகளிலும் சமூக சேவை அமைப்புகளிலும் உதவி உளவியலாளர் வேலை. மனநலக் கழகத்திலோ பல்கலைக்கழகங்களிலோ ஆய்வு உதவியாளர் வேலை. மனநலக் கழகம் 2016-இல் நடத்திய நாடளாவிய ஆய்வுதான் சிங்கப்பூரில் ஏழு பேரில் ஒருவர் வாழ்நாளில் மனநோய் ஒன்றைச் சந்திக்கிறார் என்று சொன்னது. அப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க ஆள் வேண்டும். கதவு தட்டி, செருப்பைக் கழற்றி, முன்பின் தெரியாதவர் ஹாலில் உட்கார்ந்து அந்தரங்கமான கேள்விகளைக் கேட்டுப் பழகியவருக்கு, பிற்பாடு கிளினிக் அறை பயமாகத் தெரியாது.

தொண்டூழியம் என்றால் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் நடத்தும் 1767 அழைப்பு எண். தொண்டூழியர்களுக்கு அவர்களே பயிற்சி தருகிறார்கள். வெளிநாட்டு ஊழியர்களுக்காகச் செயல்படும் ஹெல்த்சர்வ், சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் மாணவர் திட்டங்கள், முதியோர் இல்லங்கள் எல்லாமே நல்ல இடங்கள்தான். ஆனால் ஐந்து இடங்களில் ஐந்து சனிக்கிழமை போய்ச் சான்றிதழ் சேர்ப்பதைவிட, ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு இரண்டு ஆண்டு இருப்பது மேல். ஒரு பிள்ளை முதல் பருவத்தில் உங்களைக் கடிப்பதையும், மூன்றாம் பருவத்தில் உங்கள் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பதையும் பார்க்கவேண்டும். அந்த மாற்றம் எதனால் வந்தது என்று உங்களுக்கு நீங்களே விளக்கிக்கொள்ள முயன்றாலே உளவியலாளரின் வேலையில் கால் வைத்தாகிவிட்டது.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். பெயர், அடையாளம் எதுவும் எழுதாமல், ‘இன்று என்ன நடந்தது, நான் என்ன செய்தேன், ஏன் அப்படிச் செய்தேன்’ என்று மட்டும். நேர்காணலுக்குத் தயாராக அதைவிட நல்ல புத்தகம் கிடையாது.

படிப்பைத் தேர்ந்தெடுப்பது

உள்ளூரில் முக்கியமான வாய்ப்புகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ உளவியல் மாஸ்டர்ஸ் இரண்டு ஆண்டு முழுநேரப் படிப்பு. இடங்கள் மிகக் குறைவு. சிம்ஸ் டிரைவில் இருக்கும் ஜேம்ஸ் குக் வளாகமும் மருத்துவ உளவியல் மாஸ்டர்ஸ் நடத்துகிறது. அது ஆஸ்திரேலியத் தர நிர்ணயத்தைப் பின்பற்றுவது, வளாகத்திலேயே பொதுமக்களுக்கான உளவியல் கிளினிக்கும் உண்டு. பள்ளி சார்ந்த வேலையை விரும்புகிறவர்கள் தேசியக் கல்விக் கழகத்தின் பயன்முறை உளவியல் படிப்புகளைப் பார்க்கவேண்டும். நுழைவுத் தகுதி, கட்டணம், சேர்க்கை மாதம் எல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை; அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலை நம்பாதீர்கள்.

வெளிநாடு என்றால் பெரும்பாலோர் ஆஸ்திரேலியா போகிறார்கள். அங்கே மருத்துவ உளவியல் போன்ற இரண்டு ஆண்டு மாஸ்டர்ஸில் 1,000 மணிநேரம் அளவுக்குக் களப்பயிற்சி இருக்கும். முன்பு நான்கு ஆண்டு படிப்பு, இரண்டு ஆண்டு வேலைப் பயிற்சி என்று ஒரு வழி இருந்தது. 2022-இல் அதைப் புதியவர்களுக்கு மூடிவிட்டார்கள். இப்போது இருப்பது ஐந்தாம் ஆண்டு மாஸ்டர்ஸும் அதன்பின் ஓராண்டு பயிற்சியும் கொண்ட வழி, அல்லது இரண்டு ஆண்டு மாஸ்டர்ஸ். பழைய சீனியர் ஒருவர் ‘நான் அப்படித்தான் முடித்தேன்’ என்று சொன்னால், எந்த ஆண்டு என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிரிட்டனில் மருத்துவ உளவியலாளர் ஆக மூன்று ஆண்டு முனைவர் பட்டம் தேவை. அங்குள்ள ஓராண்டு எம்.எஸ்சி. படித்தால் அங்கேயும் உளவியலாளர் ஆகமுடியாது, இங்கேயும் முடியாது.

இங்கேதான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். இணையம்வழி முடிக்கலாம், வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம், ஓராண்டில் மாஸ்டர்ஸ் என்று விளம்பரங்கள் வரும். அவற்றில் பல நல்ல பல்கலைக்கழகங்களின் நேர்மையான படிப்புகள்தான். ஆனால் அவை வேறு துறையிலிருந்து வருகிறவர்களுக்கு உளவியலின் அடிப்படையைக் கற்றுக்கொடுப்பவை, ஆட்களைப் பார்க்கப் பயிற்சி தருபவை அல்ல. பணம் கட்டுவதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள். பிளேஸ்மென்ட், அதாவது களப்பயிற்சி, மொத்தம் எத்தனை மணிநேரம்? இடத்தைப் பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்யுமா, நானே தேடவேண்டுமா? மேற்பார்வை செய்பவர் பதிவுபெற்ற உளவியலாளரா? சென்ற ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்கு ‘அனுபவமுள்ள நிபுணர்’ என்று வழவழ கொழகொழவென்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பணம்

கல்விக் கட்டணம் கணக்கில் ஒரு பகுதிதான். இரண்டு ஆண்டு சம்பளம் போகும், அதோடு மத்திய சேம நிதிக்கு வரவேண்டிய தொகையும் போகும். பிளேஸ்மென்ட் வார நாள்களில், அலுவலக நேரத்தில்தான் நடக்கும். முழுநேர வேலையோடு சேர்த்துப் படிக்க முடியாது. மாலையில் டியூஷன் எடுத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. ஆனால் ரிப்போர்ட் எழுதுவதும் அதே மாலையில்தான்.

பொது மருத்துவமனைகளில் வேலை செய்யத் தயாராக இருப்பவர்கள், சுகாதார அமைச்சின் நிறுவனமான எம்ஓஎச் ஹோல்டிங்ஸ் வழங்கும் சுகாதாரப் பராமரிப்புப் பட்டமேற்படிப்பு விருதைப் பற்றி விசாரியுங்கள். மருத்துவ உளவியலும் அதில் அடங்கும். படிப்புச் செலவை ஏற்றுக்கொள்வார்கள், பதிலுக்குக் குறிப்பிட்ட ஆண்டுகள் பொதுத்துறையில் வேலை செய்யவேண்டும். பாண்ட் என்றாலே பதறவேண்டாம். புதிதாக முடித்தவருக்குப் பொது மருத்துவமனையைவிட நல்ல இடம் வேறு இல்லை: விதவிதமான நோயாளிகள், பக்கத்து அறையில் சீனியர். ஆனால் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன், பாதியில் விலகினால் கட்டவேண்டிய தொகை எவ்வளவு, ஜாமீன் கையெழுத்து யார் போடவேண்டும் என்பதை வரிவரியாகப் படியுங்கள். ஜாமீன் போடுவது அப்பாவோ மாமாவோ என்றால் அவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

விண்ணப்பமும் நேர்காணலும்

சுயவிவரக் கட்டுரையில் ‘சிறு வயதிலிருந்தே மற்றவர்களுக்கு உதவுவது எனக்குப் பிடிக்கும்’ என்று தொடங்காதீர்கள். எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். சொந்த வலியை எழுதலாமா என்று கேட்பார்கள். எழுதலாம், அது இப்போது ஆறிய புண்ணாக இருந்தால். அதிலிருந்து நீங்கள் எதைக் கவனிக்கக் கற்றுக்கொண்டீர்கள் என்று சொல்லமுடிந்தால். கட்டுரை முழுக்க அதுவாகவே இருக்கவேண்டாம்.

நேர்காணலில் ஒரு சூழலைக் கொடுப்பார்கள். உதாரணத்துக்கு: பதினைந்து வயதுப் பெண், கையைக் கீறிக்கொள்கிறாள், ‘அம்மாகிட்ட சொல்லிடாதீங்க’ என்கிறாள். என்ன செய்வீர்கள்? ‘உடனே அம்மாவுக்குப் போன் செய்வேன்’ என்பதும் ‘ரகசியம் காப்பேன்’ என்பதும் இரண்டுமே அவசரப் பதில்கள். முதலில் ஆபத்து எவ்வளவு என்று கேட்டறியவேண்டும்: எப்போதிருந்து, எதனால் கீறுகிறாள், சாகவேண்டும் என்ற எண்ணம் உண்டா, அதற்குத் திட்டம் ஏதும் வைத்திருக்கிறாளா, இன்று வீட்டுக்குப் போனால் பாதுகாப்பா. ரகசியத்துக்கு எல்லை உண்டு என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லியிருக்கவேண்டும். மேற்பார்வையாளரிடம் பேசவேண்டும். அம்மாவிடம் சொல்லியே ஆகவேண்டுமென்றால், எதை, எப்படிச் சொல்வது என்பதில் அந்தப் பெண்ணுக்கும் பங்கு இருக்கவேண்டும். கேட்பவர்கள் எதிர்பார்ப்பது மனப்பாடமான விடையை அல்ல. பதற்றத்திலும் நீங்கள் வரிசைப்படுத்தி யோசிக்கிறீர்களா என்பதைத்தான்.

‘இது எனக்குத் தெரியவில்லை, என் சூப்பர்வைசரிடம் கேட்பேன்’ என்று சொல்லத் தயங்காதீர்கள். எல்லாம் தெரிந்தவர் போலப் பேசுகிறவரைப் பார்த்தால் தேர்வுக் குழுவுக்குப் பயம் வரும்.

படிக்கும் இரண்டு ஆண்டுகள்

இடம் கிடைத்ததும் முதலில் தடுப்பூசிக் குறிப்புகளைத் தேடி எடுங்கள். மருத்துவமனைப் பிளேஸ்மென்டுக்குக் கேட்பார்கள்.

வகுப்பு, ஆய்வேடு, பிளேஸ்மென்ட் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடும். இதில் ஆளையே மாற்றிவிடுவது சூப்பர்விஷன், அதாவது மேற்பார்வைச் சந்திப்பு. கிளையண்ட், அதாவது உங்களிடம் உதவிக்கு வருபவர், சம்மதத்தோடு நீங்கள் பேசியதைப் பதிவு செய்து, அதில் ஒரு சிறு பகுதியைச் சொல் சொல்லாக எழுதிக்கொண்டு போவீர்கள். சூப்பர்வைசர் ஓரிடத்தில் நிறுத்துவார். ‘இங்கே அவர் நாலு விநாடி பேசாமல் இருந்தார். நீங்கள் ஏன் அடுத்த கேள்விக்குப் போனீர்கள்?’ என்பார். அந்த மௌனத்தை உங்களால் தாங்கமுடியவில்லை என்பதுதான் பதில் என்று உங்களுக்கே தெரியும். சொல்ல வாய் வராது. அந்த அறையில் சிவந்த முகத்தோடு உட்கார்ந்திருக்கும் அரைமணி நேரத்தில் கற்பது, எந்தப் புத்தகத்திலும் இல்லை.

சோதனைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். அறிவுத்திறன் சோதனை என்றால் பெட்டி நிறையக் கட்டைகள், படப் புத்தகங்கள், நிறுத்துக்கடிகாரம். கையேட்டில் இருக்கும் வாக்கியத்தை அப்படியே சொல்லவேண்டும், ஒரு சொல் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. இப்போது எதிரே ஏழு வயதுப் பையன், வீட்டில் பாட்டி வளர்ப்பு, தமிழ்தான் பேச்சு. ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் பொருளைக் கேட்கிறீர்கள். அவன் மேலே பார்க்கிறான், உதட்டை அசைக்கிறான், பிறகு ‘பாட்டிகிட்ட இருக்கும்ல, அது’ என்கிறான். அவனுக்குத் தெரியும் என்று உங்களுக்குத் தெரிகிறது. உடனே கேள்வியைத் தமிழில் மாற்றிக் கேட்கக் கை பரபரக்கும். கேட்கக்கூடாது. அந்தச் சோதனையின் மதிப்பெண் அட்டவணை ஆங்கிலத்தில் கேட்கப்பட்ட பிள்ளைகளை வைத்துத் தயாரித்தது. நீங்கள் மொழியை மாற்றினால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. அவன் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையேடு சொல்கிறபடி மதிப்பெண் போடுங்கள். பிறகு சொல் தேவைப்படாத பகுதிகளில் எப்படிச் செய்தான் என்று பாருங்கள், தமிழாசிரியரிடம் பேசுங்கள், பாட்டியிடமும் பேசுங்கள். ரிப்போர்ட்டில் ‘மொழிப் பகுதி மதிப்பெண்ணை வீட்டு மொழியைக் கணக்கில் கொண்டே படிக்கவேண்டும்’ என்று தெளிவாக எழுதுங்கள். அந்த வரி இல்லாவிட்டால், ஒரு தாளில் உள்ள எண் அந்தப் பையனைப் பல ஆண்டு துரத்தும்.

தமிழ் தெரிந்தவர் என்பதால்

தமிழில் பேசக்கூடிய உளவியலாளர் என்று தெரிந்ததும் உங்களைத் தேடி ஆட்கள் அனுப்பப்படுவார்கள், மாணவராக இருக்கும்போதே. இதற்கு எந்தக் கோர்ஸும் தனியாகப் பயிற்சி தராது, நீங்களே தயாராகவேண்டும்.

அறுபது, எழுபது வயதுக்காரர்கள் ‘எனக்கு மனச்சோர்வு’ என்று சொல்லிக்கொண்டு வரமாட்டார்கள். நெஞ்சு படபடங்குது, தலை பாரமா இருக்கு, சோறு இறங்க மாட்டேங்குது என்பார்கள். கூட வந்த மகள் மொழிபெயர்க்க உட்காருவார். அம்மா மூன்று நிமிடம் பேசுவார். நடுவில் குரல் உடையும், மருமகன் பெயர் வரும், செத்துப்போன தம்பி பெயர் வரும். மகள் திரும்பி ஆங்கிலத்தில், ‘தூக்கம் வரலையாம்’ என்று ஒரே வரியில் முடிப்பார். தமிழ் தெரிந்த நீங்கள் அந்த இடைவெளியில்தான் வேலை செய்யப்போகிறீர்கள். மகளைச் சங்கடப்படுத்தாமல், ‘அம்மாவோட கொஞ்ச நேரம் தனியாப் பேசிக்கிறேன்’ என்று சொல்லப் பழகுங்கள்.

தற்கொலை எண்ணத்தைப் பற்றித் தமிழில் நேராகக் கேட்கவும் பழகவேண்டும். ஆங்கிலத்தில் சரளமாகக் கேட்கிறவர்கள் தமிழில் வரும்போது ‘தப்பான எண்ணம் ஏதாவது...’ என்று இழுப்பார்கள். ‘செத்துப் போயிடலாம்னு தோணியிருக்கா?’ என்று கேளுங்கள். கேட்பதால் எண்ணம் புதிதாக வந்துவிடாது. 2020 ஜனவரி 1 முதல் தற்கொலை முயற்சி இங்கே குற்றம் இல்லை. ஆனாலும் ‘சொன்னா போலீஸ் வருமா?’ என்ற பயம் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. நீங்களே முந்திக்கொண்டு விளக்கிவிடுங்கள். கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் ஊர்த் தம்பிகளுக்கு வேறு பயம்: கம்பெனிக்குத் தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று. நீங்கள் எழுதும் குறிப்பு யார் கைக்குப் போகும், யார் கைக்குப் போகாது என்பதைத்தான் அவர்கள் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவார்கள். தெரிந்துகொண்டு போய் உட்காருங்கள்.

நம் சமூகம் சின்னது. செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் அழுதவரை ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் மீன் வாங்கும் வரிசையில் பார்ப்பீர்கள். முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்: ‘வெளியே பார்த்தால் நானாகப் பேசமாட்டேன். நீங்கள் பேசினால் பேசுவேன், ஆனால் இங்கே பேசியதைப் பற்றி அல்ல.’ சொந்தக்காரர், அம்மாவின் கோயில் தோழி, உங்கள் தமிழாசிரியை யாராவது கிளையண்டாக வந்தால் மறுத்து வேறொருவரிடம் அனுப்பவேண்டும். ‘நம்ம பொண்ணுதானே, வீட்டுக்கு வந்து கொஞ்சம் பேசிட்டுப் போயேன்’ என்று கேட்கும் சித்திக்கு மறுப்புச் சொல்வதுதான் இந்தத் தொழிலின் மிகக் கடினமான பகுதி என்று சில நாள்களில் எனக்குத் தோன்றும்.

முடித்த பிறகு

1979-இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் உளவியல் சங்கம் ஒரு பதிவேட்டைப் பராமரிக்கிறது. மேற்பார்வையோடு கூடிய பயிற்சி அடங்கிய பட்டமேற்படிப்பு அதற்கு அடிப்படைத் தகுதி. இந்தப் பதிவு தன்விருப்பமாக இருந்துவருகிறது. இயன்முறை சிகிச்சை, பேச்சு சிகிச்சை போன்ற தொழில்களுக்குச் சட்டப்படியான பதிவு இருப்பதுபோல் உளவியலாளர்களுக்கும் வேண்டும் என்ற பேச்சு வலுத்துவருகிறது. அதனால் இப்போது படிக்கத் தொடங்குகிறவர்கள், சட்டம் வந்தால் தாண்டவேண்டிய கோட்டையும் மனதில் வைத்தே படிப்பைத் தேர்ந்தெடுக்கவேண்டும். களப்பயிற்சி இல்லாத சான்றிதழ்கள்தான் அப்போது முதலில் அடிபடும்.

வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை காலம் சாதகமாக இருக்கிறது. பொதுத்துறையில் உளவியலாளர் எண்ணிக்கையை 2030-க்குள் சுமார் 40 விழுக்காடு கூட்டுவதாக 2024 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. தனியாக கிளினிக் திறக்கும் ஆசையைச் சில ஆண்டுகள் தள்ளி வையுங்கள். தனியறையில் தனியாக இருக்கும் புதியவருக்கு, ‘இது என்னால் கையாளக்கூடியதா?’ என்று கேட்கப் பக்கத்தில் ஆள் இருக்காது.

கடைசியாக ஒரு எழுத்து வேலை. பிளேஸ்மென்ட் மணிநேரப் பதிவேட்டை வாராவாரம் எழுதி, அந்தந்த மாதமே சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நேரடியாக ஆளைப் பார்த்தது எவ்வளவு, சூப்பர்விஷன் எவ்வளவு, ரிப்போர்ட் எழுதியது எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். கிளையண்ட் பெயர் எங்கும் வரக்கூடாது. சூப்பர்வைசர்கள் வேலை மாறுவார்கள், நாடு மாறுவார்கள், ஓய்வு பெறுவார்கள். ஐந்து ஆண்டு கழித்து மெல்பர்னிலோ லண்டனிலோ பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது கேட்கப்போவது அந்தத் தாளைத்தான். மூலத்தை ஒரு கோப்பிலும் ஸ்கேன் செய்த நகலை வேறு இரண்டு இடத்திலும் வையுங்கள்.